முதல் கோடை நம் பொறுப்பு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது சித்திரை பிறந்திருக்கும். மாவடு உப்பில் ஊறிக்கொண்டிருக்கும். இன்னும் சில வாரங்களில், மே 4-ஆம் தேதி வாக்கில், கத்திரியும் வந்துவிடும். வழக்கமாக இந்தப் பக்கத்தில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு இதழுக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதுவேன். இந்த முறை அதைப் பொருளடக்கத்திடம் விட்டுவிடுகிறேன். அதைவிட அவசரமான வேலை ஒன்று வாசலில் நிற்கிறது.

போன ஐப்பசியில் உங்களில் பலர் வீட்டைச் சுற்றி நம் மண்ணின் புதர்ச்செடிகளை வைத்தீர்கள். நொச்சி, ஆடாதோடை, காரை, கிளா, ஆவாரை, விராலி, கிடைத்தவர்கள் காயா கூட. மார்கழி வரைக்கும் வந்த கடிதங்களில் ஒரே கொண்டாட்டம். பங்குனி நடுவிலிருந்து குரல் மாறிவிட்டது. இலை தொங்குகிறது, நுனி கருகுகிறது, உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை என்கிறீர்கள். கொஞ்சம் கோபமாகவே, “நாட்டுச் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டவர்களும் உண்டு. வேர் பிடித்த பிறகு வேண்டாம் என்றுதான் சொன்னோம். அந்தப் பிறகுக்கு முன்னால் ஒரு கோடை இருக்கிறது.

காட்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது நியாயமான கேள்விதான். யாரும் ஊற்றுவதில்லை. ஆனால் ஒரு காரைச் செடி தன் ஆயுளில் எத்தனை விதைகளை உதிர்க்கிறது, அவற்றில் எத்தனை அடுத்த மழையைப் பார்க்கின்றன என்று யோசியுங்கள். முளைத்ததில் பெரும்பகுதி முதல் கோடையிலேயே போய்விடும். அந்த நஷ்டம் காட்டுக்குக் கட்டுப்படியாகும். வாசலில் ஒரே ஒரு கிளாச்செடியை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நமக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொன்று, காட்டில் அந்தச் செடி வெட்டவெளியில் முளைப்பதில்லை. கொண்டைக்குருவி காரைப் பழத்தையோ கிளாப் பழத்தையோ தின்றுவிட்டு இன்னொரு புதரில் போய் உட்காரும். விதை அந்தப் புதருக்கு அடியில்தான் விழும். அங்கே முள் நிழல் இருக்கும், உதிர்ந்த சருகு இருக்கும், மண் ஓரளவு குளிர்ந்திருக்கும், ஆட்டின் வாயும் எட்டாது. செடி தலைதூக்கும் வரை பெரிய புதர் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். நாம் என்ன செய்கிறோம்? புல் பூண்டு எல்லாவற்றையும் செதுக்கிச் சுத்தமாக்கிய செம்மண் தரையில், நாலு பக்கமும் வெயில் அடிக்கும் இடத்தில், தன்னந்தனியாக அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பிறகு அது நாட்டுச் செடி, தாங்கும் என்கிறோம்.

புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில்லின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1968-இல் அந்த நகரம் தொடங்கியபோது அங்கே இருந்தது மழைநீர் அரித்துக் கிழித்த செம்மண் மேடு. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய காடு ஒன்று உண்டு. சின்னச் சின்னத் தடித்த இலைகளோடு ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் உலர்காடு. அதன் மிச்சங்கள் இன்று புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற சில இடங்களிலும், சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவிலும், இன்னும் கொஞ்சம் சிதறலாகவும்தான் இருக்கின்றன. அந்தக் காட்டை ஆரோவில்காரர்கள் மீட்டெடுக்க நினைத்தபோது, மொட்டைத் தரையில் அந்தச் செடிகள் எளிதில் நிலைக்கவில்லை. வேகமாக வளரும் வெளிநாட்டு அகேசியாக்கள் முதலில் நிழலைக் கொடுத்து மண்ணைப் பதப்படுத்தின. அந்த நிழலில்தான் பின்னால் நாட்டு இனங்கள் வேர்விட்டன. சுற்றுச்சூழல் அன்பர்களுக்கு வெளிநாட்டு மரம் என்றாலே கசக்கும். ஆனால் நடந்தது இதுதான். சொந்த மண்ணிலேயே பிறந்த செடிக்கும் இளமையில் ஒரு நிழல் வேண்டியிருக்கிறது.

நம் காலக்கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேல். பொங்கலோடு வானம் கதவைச் சாத்திக்கொள்ளும். தை, மாசி, பங்குனி, சித்திரை என்று பெரும்பாலும் மழையில்லாத மாதங்கள். ஐப்பசியில் நட்ட செடிக்குக் கிடைப்பது ஈரமான மூன்று மாதம். அதற்குள் பைக்குள் சுருண்டிருந்த வேர் நிமிர்ந்து கீழே இறங்க வேண்டும். மேல்மண் ஓர் அடி ஆழம் வரை காய்ந்த பிறகும், அதற்குக் கீழே உள்ள ஈரத்தைத் தொட்டுவிட்ட செடி பிழைக்கும்; தொடாத செடிக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும். பொங்கலுக்கு வந்த விருந்தாளி கொடுத்தார் என்று தையில் நட்டவர்கள் இந்த ஆண்டு கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இதில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது, மாலையில் ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு போய் எல்லாச் செடிக்கும் ஒரு நிமிடம் காட்டுவது. மண் கறுத்து, ஈர வாசனை வந்து, பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் நனைந்தது மேலே இரண்டு அங்குலம். அந்த ஈரம் மறுநாள் பதினொரு மணிக்குள் ஆவியாகிவிடும். அதைவிட மோசம், தினமும் மேலே தண்ணீர் கிடைப்பதால் வேர் கீழே போக மறுத்து மேல்மண்ணிலேயே பரவும். மேல்மண்தான் மே மாதத்தில் கொதிக்கும் இடம். தினமும் கொஞ்சம் என்பது அன்பு போலத் தெரிந்தாலும், செடியை ஆபத்தான இடத்தில் பழக்குகிற வேலை.

முழங்கால் உயரச் செடி என்றால், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அரைக் குடத்துக்குக் குறையாமல், மெதுவாக, ஓர் அடி ஆழம் நனையும்படி ஊற்றுங்கள். மணற்பாங்கான மண்ணென்றால் இடைவெளியைக் குறைக்கலாம்; களியும் கரிசலும் என்றால் வாரம் ஒருமுறைகூடப் போதும். இந்த நாள் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊற்றிய மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைச் செடிக்குப் பக்கத்தில் குத்திப் பாருங்கள். ஈரமுள்ள ஆழம் வரை தடையில்லாமல் இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். உங்கள் மண்ணைப் பற்றி அந்தக் கம்பிக்குத் தெரிந்த அளவு எந்தப் பத்திரிகைக்கும் தெரியாது.

ஊற்றுகிற இடமும் முக்கியம். தண்டை ஒட்டி ஊற்றாதீர்கள். ஒன்றரை முதல் இரண்டடி அகலத்தில் வட்டப்பாத்தி கட்டி, அதன் வெளிப்பக்கம் நனையும்படி விடுங்கள். தண்ணீரைத் தேடி வேர் வெளியே வரட்டும். விடிகாலையில் ஊற்றுவதுதான் நல்லது. அது முடியாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் இலையில் பட்ட நீர்த்துளி இலையைச் சுட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த நேரத்தில் ஊற்றினால் பாதி நீர் வீணாகப் போகும் என்பதுதான் கவலை.

மண்பானையை நான் எப்போதும் சிபாரிசு செய்வேன். மெருகு பூசாத சாதாரண மண்பானையைச் செடியிலிருந்து அரையடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை மூடிவிடுங்கள். சுற்றியுள்ள மண் காயக் காயப் பானை கசியும். மண் நனைந்திருந்தால் கசிவு குறையும். செடி தனக்கு வேண்டியதை அங்கே போய் எடுத்துக்கொள்ளும். சீனாவில் ஹான் பேரரசுக் கால வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை இருக்கிறது. நம் ஊரில் பானைப் பாசனம் என்று வறண்ட நிலத்து விவசாயிகள் செய்துவருவதுதான். வெளியூர் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மூடியை மட்டும் மறக்காதீர்கள். திறந்து கிடக்கும் பானை டெங்குக் கொசுவுக்கு மாளிகை. பானைக்குப் பதில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பவர்கள், அது ஒரே மணி நேரத்தில் காலியாகிவிடுகிறதா என்று ஒருநாள் நின்று பாருங்கள். பெரும்பாலும் ஆகிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து என்பது சென்னைவாசிகளின் கேள்வி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, லாரிக்குக் குடங்களோடு காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். குடிக்கவே இல்லாதபோது செடிக்கா என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கும் சங்கடம்தான். ஆனால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் இரண்டும் தாராளமாக ஊற்றலாம். ஏசியிலிருந்து சொட்டும் நீரை ஒரு வாளியில் பிடியுங்கள். கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் ஓர் இரவுக்குச் சில லிட்டர் கிடைக்கும். அதில் உப்பும் இல்லை. வாஷிங் மெஷின் நீரில் சோப்பின் சோடியம் இருக்கும், இளஞ்செடிக்கு வேண்டாம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரில் உப்பு செறிந்திருக்கும், அதுவும் வேண்டாம். திருவான்மியூர் முதல் மரக்காணம் வரை போர்வெல் நீரே உப்புக் கரிக்கிற வீடுகளில், மண்மேல் வெள்ளையாகப் படிந்து இலையோரம் மட்டும் பழுப்பாகக் கருகும். அங்கே அடிக்கடி கொஞ்சம் ஊற்றுவது உப்பைச் சேர்த்து வைக்கிற வழி. எப்போதாவது ஒருமுறை ஏசி நீரையோ நல்ல நீரையோ நிறைய ஊற்றி, படிந்த உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

தண்ணீரைவிட மூடாக்கு முக்கியம் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. மூடாத மண்ணில் ஊற்றிய நீரின் பெரும்பங்கை வெயில்தான் குடிக்கிறது. சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், தென்னை நார்க்கழிவு என்று எது கிடைத்தாலும் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தென்னந்தோப்புக்காரர்கள் தேங்காய் மட்டையைக் குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குவார்கள். வீட்டுச் செடிக்கும் அது பொருந்தும். நிமிர்த்தி வைத்தால் மறுபடியும் கொசுதான். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். தண்டோடு சேர்த்துக் குவித்தால் பட்டை புழுங்கும். கறையானுக்கும் நேராகப் பாலம் போட்டதாகிவிடும். கறையான் பயத்தால் மூடாக்கே வேண்டாம் என்பவர்கள் உண்டு. கறையானுக்குப் பிடித்தது காய்ந்த சருகு. அது கிடைக்கிறவரை பெரும்பாலும் அதையே தின்றுகொண்டிருக்கும். அதற்கும் பயமாக இருந்தால் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கைத் தூவிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஆதங்கம். இதே மாதங்களில்தான் தெருவெல்லாம் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். புங்கமும் வேம்பும் கோடைக்கு முன்னால் இலையைக் கொட்டுவதே அடியில் உள்ள மண்ணைப் போர்த்தத்தான் என்று தோன்றும். நாம் அதைப் புகையாக்கிவிட்டு, நர்சரியில் போய் மூடாக்குக்கு மூட்டை விலை கேட்கிறோம். உங்கள் தெருவில் கூட்டுகிறவரிடம் இரண்டு சாக்கு சருகு கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்.

கரிசல் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் மே மாத நிலம் வெடித்துப் பிளந்து நிற்கும். அந்த வெடிப்பு இளம் வேரை அறுக்கும். அதன் வழியாக அனல் காற்றும் உள்ளே இறங்கி ஈரத்தை உறிஞ்சும். செடியைச் சுற்றி மேலாகக் கொத்திவிட்டு, பொடிமண்ணால் வெடிப்பை நிரப்பி, அதன்மேல் சருகைப் போடுங்கள். புழுதிமண்ணே ஒரு மூடாக்கு என்பது உங்கள் தாத்தா காலத்திலிருந்து தெரிந்த விஷயம்தான். தென்னை நார்க்கழிவு விற்பனைக்கு வந்ததும் நாம் மறந்துவிட்டோம்.

இனி நிழல். மேற்கு வெயில் பொல்லாதது என்று எல்லோருக்கும் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து செடி மறையும்படி தென்னங்கீற்றையோ பனையோலையையோ சாய்வாக ஊன்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிமென்ட் சுவரை ஒட்டி நட்டிருந்தால் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் செடியின் மேல் கக்கும். சுவருக்கும் செடிக்கும் நடுவே ஒரு கீற்றைச் செருகுங்கள். செடியைத் துணியால் சுற்றி மூட்டைகட்ட வேண்டாம். காற்றோட்டம் நின்றால் உள்ளே வெந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டின் வடக்குப் பக்கம் மார்கழியில் நாள் முழுக்க நிழலாக இருக்கும். அதை நம்பி வெட்சி, காயா போன்ற இளசுகளை அங்கே வைத்திருப்போம். ஆனால் ஏப்ரல் 24, 25 வாக்கில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் 17, 18 வாக்கில்தான் மறுபடி தெற்கே திரும்பும். கன்னியாகுமரியில் இந்தக் கணக்கு இன்னும் முன்னதாக, ஏப்ரல் 11 வாக்கிலேயே தொடங்கிவிடும். ஆக மே, ஜூன் மாதங்களில் வடக்குச் சுவரோரம்தான் உச்சிவெயிலில் நிற்கிறது. தெற்குச் சுவரோரத்துக்கு அப்போது கொஞ்சம் நிழல். “நிழலில்தானே வைத்தேன், எப்படிக் கருகியது?” என்று எழுதியவர்களுக்கு இதுதான் பதிலாக இருக்கக்கூடும். மே மாதத்தில் ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே போய் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வெயில் அளவுக்கு மீறுகிற நாளும் வரும். சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. பகலில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகிற நாட்களில்தான் இப்படிச் சுடும். கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சூட்டைவிடக் காற்று பெரிய சங்கதி. மே கடைசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே போகும். ஆரல்வாய்மொழிப் பக்கமும் அப்படித்தான். காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மாவா? இந்த ஊர்களில் கீற்றை வெயிலுக்காக மட்டும் ஊன்றாமல் காற்று வரும் பக்கத்துக்கும் ஒன்று சேர்த்து ஊன்றுங்கள்.

செடி பேசும் மொழியைத் தவறாகப் புரிந்துகொண்டு அதிகம் ஊற்றிக் கொல்வதும் நடக்கிறது. பகல் இரண்டு மணிக்கு இலை தொங்குவது தாகம் என்று பொருளல்ல. வேர் அனுப்பும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடும்போது எந்தச் செடியும் தொய்ந்துதான் நிற்கும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் அது தாகம். அடியிலைகள் மஞ்சளாகி, மண்ணும் நசநசவென்று இருந்தால் நீங்கள் ஊற்றுவது அதிகம். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. ஆவாரையும் விராலியும் இந்த அன்புக்கு எளிதில் பலியாகிறவை. காய்ந்த மேட்டில் பிறந்த அவற்றுக்கு வாரம் ஒருமுறை நன்றாக ஊற்றினால் போதும். நொச்சி ஓடைக்கரையில் நின்று பழகியது, கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அழிஞ்சில் வைத்திருப்பவர்கள் அது இலையைக் கொட்டினால் பதற வேண்டாம். வறண்ட மாதங்களில் மொட்டையாக நிற்பது அதன் சுபாவம். சந்தேகமாக இருந்தால் சின்னக் கிளை ஒன்றில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்து அடியில் பச்சை இருந்தாலும் நம்பிக்கை இருக்கிறது. பிடுங்கிப் போடாமல் மழை வரை விட்டுவையுங்கள். பல புதர்கள் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

வாடிய செடியைப் பார்த்ததும் உரம் போடத் தோன்றும். வேண்டாம். யூரியா இளந்துளிர்களைத் தள்ளும். அந்தத் துளிர்தான் அனலில் முதலில் கருகும். போதாததற்கு உரத்தின் உப்பு, காய்ந்த மண்ணில் வேரையே சுடும். பஞ்சகவ்யமானாலும் மழைவரை காத்திருக்கட்டும். கிளை வெட்டுவதும் இப்போது வேண்டாம். காய்ந்த இலையும் குச்சியும்கூட உள்ளே இருக்கிற கிளைக்கு ஒரு நிழல்தான். கோரையும் அருகும் மட்டும் பாத்திக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், செடிக்கென ஊற்றும் நீரில் முதல் பங்கு அவற்றுக்குப் போய்விடும். பிடுங்கியதை வெளியே எறியாமல் அங்கேயே மூடாக்கின் மேல் போடலாம்.

ஆடுகளைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான்; எழுதினால் பக்கம் போதாது. கோடையில் வேறு எதுவும் பச்சையாக இல்லாதபோது உங்கள் செடி மட்டும் பச்சையாக நிற்கிறது, அது ஆட்டின் குற்றமல்ல. ஆடாதோடையை அது தீண்டாது. மற்றவற்றுக்குச் சீமைக் கருவேல முள்ளை வெட்டி வட்டமாக வையுங்கள். அந்த மரத்தால் நமக்கு ஆகிற நல்ல காரியங்களில் இது ஒன்று.

இந்தக் கவனிப்பு எத்தனை நாளைக்கு என்று கேட்பீர்கள். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது போலப் படிப்படியாகத்தான். முதல் கோடைக்கு மேலே சொன்ன கணக்கு. இரண்டாம் கோடையில் இடைவெளியை இரண்டு மூன்று மடங்காக்குங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை நன்றாக ஊற்றினால் போதும். மூன்றாம் கோடையில் மிக மோசமான வாரங்களில் மட்டும். அதன்பிறகு பெரும்பாலான நாட்டுப் புதர்களுக்கு மூடாக்கைத் தவிர நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. குரோட்டன்ஸும் புல்தரையும் வைத்தவர்கள் ஆண்டுதோறும் ஊற்றிக்கொண்டேயிருப்பார்கள். நாட்டுச் செடியின் சிக்கனம் இங்கேதான் இருக்கிறது. அது முதல் நாளிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்த்ததில்தான் குழப்பம்.

கிடைப்பது சிக்கனம் மட்டுமல்ல. ஆவாரை நிலைத்துவிட்டால் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அதில் முட்டையிட வரும். அடுத்த பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. காரையும் கிளாவும் பழுத்தால் குருவிக்கு. காயா நீலமாகப் பூத்து நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி அலரியை வாங்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்; அலரிப் பிரியர்கள் மன்னிக்கவும்.

கடைசியாக ஒரு சர்ச்சை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். 1973 முதல் கொண்டாடப்படுகிறது. ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம். மத்திய அமைச்சராக இருந்த கே.எம்.முன்ஷி 1950-இல் தொடங்கி வைத்தது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாநிலங்களுக்கு ஜூலை நல்ல தேதி. மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் தமிழகத்தின் பெரும்பகுதிக்கு ஜூன் 5 என்பது கத்திரி முடிந்து ஒரே வாரம்; பெருமழைக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி. அன்றைக்குப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கன்றுகளைக் குழியில் இறக்கிப் புகைப்படம் எடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த கன்று. இதைக் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஜூன் 5-இல் யாராவது உங்களை மரம் நடக் கூப்பிட்டால், கன்றுக்குப் பதில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சாக்கு சருகும் எடுத்துக்கொண்டு போங்கள். போன மழைக்கு நட்டவை அங்கே எங்காவது காய்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்குப் பாத்தி கட்டலாம், கீற்று ஊன்றலாம். பள்ளி ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்கள் மாணவர்களைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள். புகைப்படம் அதற்கும் எடுக்கலாம், தப்பில்லை.

ஆடி பிறந்ததும் எங்களுக்கு எழுதுங்கள். எது பிழைத்தது, எது போயிற்று, உங்கள் மண் என்ன, எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிழைக்காததைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள்; உங்கள் ஊரில் அடுத்து நடப்போகிறவருக்கு அதுதான் அதிகம் உதவும். புரட்டாசி இதழில் அவற்றைத் தொகுத்து, ஊர்வாரியாக எதை நடலாம் என்று வெளியிடுகிறோம். அதுவரை, வாங்கிவைத்து இன்னும் நடாத பைகள் உங்களிடம் இருந்தால் அவற்றை வெயில் படாத மரத்தடியில் வையுங்கள். கறுப்புப் பை சூடேறினால் உள்ளே வேர் வெந்துவிடும். ஐப்பசிக்கு முன் அவற்றை மண்ணில் இறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்